வேலைக்கு வந்தவர் ஏன் நிற்பதில்லை?

எமது ஊர்களின் பிரதான வீதிகளில் நடந்து சென்றால் ஒரு விடயம் கண்ணில் படும். புடவைக் கடை, ஹாட்வெயார், பாமசி, ஹோட்டல் என்று எதை எடுத்தாலும் முன் கண்ணாடியில் 'வேலைக்கு ஆட்கள் தேவை' என்ற அட்டை தொங்குகிறது. சில அட்டைகள் வெயிலில் எழுத்து மங்கும் அளவுக்குப் பழையவை. ஆள் கிடைக்காததால் அல்ல, கிடைத்த ஆள் நிற்காததால்தான் அந்த அட்டை இறங்குவதில்லை. மூன்று மாதம் வேலை பழகுகிறார். நான்காம் மாதம் கட்டாருக்குப் போகிறார், அல்லது பக்கத்துக் கடைக்குப் போகிறார், அல்லது தவணைக்கு ஒரு முச்சக்கர வண்டி எடுக்கிறார். முதலாளிமாரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "இந்தக் காலத்துப் பொடியன்மாருக்கு வேலை செய்ய மனமில்லை சேர்."

நான் உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி படிப்பிக்கும் ஆசிரியன். என்னிடம் படித்தவர்களில் கணிசமானோர் இன்று ஏதோ ஒரு கடையின் கவுண்டரில் நிற்கிறார்கள், சிலர் லாச்சிக்குப் பின்னால் முதலாளியாக அமர்ந்திருக்கிறார்கள். இரு தரப்பும் என்னிடம் பேசுவதுண்டு. முகாமைத்துவ அலகில் நான் படிப்பித்த கோட்பாடுகளைப் பரீட்சையில் இரு தரப்பும் சரியாகத்தான் எழுதினார்கள். ஆனால் கடைக்குள் போனதும் அவை எங்கே போயின என்று தெரியவில்லை. 'மனமில்லை' என்ற ஒற்றை விளக்கத்தைத் தாண்டி இந்தப் பிரச்சினையை நூறு வருடமாக ஆராய்ந்து வரும் ஒரு துறை இருக்கிறது. நிறுவன நடத்தை என்பது அதன் பெயர். அதில் எமக்குப் பயன்படக்கூடியது என்று நான் கருதுவதை இங்கே எழுதுகிறேன்.

தனியாக இருக்கும்போது ஒரு மனிதன் நடந்துகொள்வது ஒரு விதம். பத்துப் பேருடன் சேர்ந்து சம்பளத்துக்கு நிற்கும்போது அதே மனிதன் நடந்துகொள்வது இன்னொரு விதம். இந்த இரண்டாவதைத்தான் நிறுவன நடத்தை ஆராய்கிறது. தனிமனிதன், குழு, முழு நிறுவனம் என்று மூன்று மட்டங்களில் அது பார்க்கும். நிறுவனம் என்றதும் கொழும்பில் கண்ணாடி மாளிகை வைத்திருக்கும் கம்பனிகள் மட்டும் நினைவுக்கு வரத் தேவையில்லை. எட்டுப் பேர் வேலை செய்யும் பேக்கரியும் நிறுவனம்தான். அறுபது ஆசிரியர் உள்ள பாடசாலையும், பள்ளிவாசல் நிருவாக சபையும் அப்படித்தான்.

முதலில் வேலையாளை இயந்திரத்தின் ஒரு பாகமாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்கப் பொறியியலாளர் பிரெட்ரிக் டெயிலர் 1911 இல் வெளியிட்ட 'விஞ்ஞான முகாமைத்துவக் கோட்பாடுகள்' என்ற நூலில் பெத்லஹேம் உருக்குக் கம்பனியில் இரும்புக் கட்டி சுமந்த ஒரு தொழிலாளியின் கதையைச் சொல்கிறார். எப்போது தூக்க வேண்டும், எப்போது நடக்க வேண்டும், எப்போது இருந்து ஆற வேண்டும் என்று நேரம் குறித்துச் சொல்லிக் கொடுத்ததால் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் சுமந்தவர் சுமார் 47 தொன் சுமந்தாராம். கூலி 1.15 டொலரில் இருந்து 1.85 டொலராக உயர்ந்தது. இதை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவர் கணக்குப் போட்டுவிட்டுக் கையை உயர்த்துவார்: "சேர், வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி இரண்டு மடங்கும் இல்லையே?" வரலாற்றாசிரியர்கள் அந்தக் கதையின் விபரங்களையே பின்னர் கேள்விக்குட்படுத்தினார்கள் என்பது வேறு விடயம். ஆனாலும் டெயிலரை முழுதாக ஒதுக்க முடியாது. எமது பல கடைகளில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது ஒரே ஒரு பழைய ஊழியரின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அந்த அளவுக்கு டெயிலருக்கு முந்திய காலத்தில்தான் நாம் இன்னும் வியாபாரம் செய்கிறோம்.

அடுத்த திருப்பம் சிக்காகோவுக்கு அருகே சிசெரோ என்ற இடத்தில் இருந்த வெஸ்டன் இலக்ட்ரிக் கம்பனியின் ஹோதோன் தொழிற்சாலையில் நடந்தது. 1924 இல் தொடங்கி 1932 வரை அங்கே பல பரிசோதனைகள் நடைபெற்றன. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்பதுதான் முதல் கேள்வி. கூட்டியபோதும் கூடியது, குறைத்தபோதும் பெரிதாக விழவில்லை. பின்னர் தொலைபேசி ரிலே பொருத்தும் பெண்களைத் தனி அறையில் வைத்து, இடைவேளை கொடுத்தும் நேரத்தைக் குறைத்தும் பார்த்தார்கள். உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்டன் மாயோ போன்றோர் இதற்குக் கொடுத்த விளக்கம், தம்மை ஒருவர் பொருட்படுத்துகிறார் என்ற உணர்வே அப்பெண்களை மாற்றியது என்பதாகும். பாடப்புத்தகங்கள் இத்துடன் நிறுத்திவிடும். ஆனால் அந்த அறையில் சம்பள முறையும் மாறியது, ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி இரண்டு பெண்கள் இடையில் மாற்றப்பட்டார்கள் என்ற விமர்சனங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். அன்பாகப் பேசினால் போதும், சம்பளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று இதிலிருந்து முடிவெடுக்கும் முதலாளி தவறான பாடத்தைப் படித்தவராவார்.

எனக்கு ஹோதோனில் அதிகம் பிடித்தது அதிகம் பேசப்படாத இன்னொரு அறை. தொலைபேசி இணைப்புப் பலகைகளுக்கு வயர் கட்டும் 14 ஆண்களை அங்கே அவதானித்தார்கள். கூடுதலாகச் செய்தால் கூடுதல் காசு கிடைக்கும். ஆனாலும் அவர்கள் தமக்குள் ஓர் அளவை வைத்திருந்தார்கள். அதற்கு மேல் செய்பவரைக் கேலி செய்தார்கள், மேற்கையில் ஒரு குத்துக் குத்தினார்கள். குறைவாகச் செய்பவரையும் விடவில்லை, மேலிடத்தில் கோள் சொல்பவரையும் விடவில்லை. கம்பனி எழுதிய சட்டத்தை விடக் குழு எழுதாமல் வைத்திருந்த சட்டம் வலுவாக இருந்தது. இதைத்தான் குழு நியமம் என்கிறோம்.

இதற்குச் சிசெரோவுக்குப் போகத் தேவையில்லை. புதிதாகச் சேர்ந்த பொடியன் காலை பத்து மணிக்குள் எல்லாப் புடவையையும் மடித்து அடுக்கிவிட்டால், பக்கத்தில் நிற்பவர் "மெதுவா செய் மச்சான், நாளைக்கும் வேலை இருக்கு" என்பார். அது நகைச்சுவை போல் சொல்லப்பட்டாலும் எச்சரிக்கை. ஆசிரியர் அறையும் இதற்கு விதிவிலக்கல்ல. ஆசிரியர் கலாசாலையில் இருந்து வெளியேறிய கையோடு அட்டைப் படங்களும் மாதிரி உருக்களும் சுமந்து வரும் இளம் ஆசிரியையை "டீச்சருக்கு இப்பதானே தொடக்கம்" என்று வரவேற்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் கேட்டிருக்கிறேன். ஒரு தவணைக்குள் அந்த அட்டைகள் அலுமாரிக்கு மேலே போய்விடும். சோம்பேறித்தனம் என்று நாம் பெயர் வைப்பதில் பெரும்பகுதி இப்படிக் குழுவுக்குள் கற்றுக்கொள்ளப்பட்டது.

ஊக்கப்படுத்தல் என்றதும் எமது மாணவர்களுக்கு மாஸ்லோவின் முக்கோணம் நினைவுக்கு வரும். 1943 இல் அவர் எழுதிய கட்டுரையில் உடலியல், பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னைத்தான் நிறைவு செய்தல் என்று ஐந்து தேவைகள் வருகின்றன. முக்கோணத்தை அவர் வரையவில்லை, பிறகு வந்தவர்கள் வரைந்தார்கள். ஒரு படி நூற்றுக்கு நூறு நிறைந்தால்தான் அடுத்த படி என்றும் அவர் சொல்லவில்லை. இதை இங்கே விட்டுவிட்டு, கடைக்கு அதிகம் உதவும் இன்னொருவரிடம் செல்கிறேன்.

பிரெட்ரிக் ஹேர்ஸ்பேர்க் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் பகுதியில் சுமார் 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து, வேலையில் மிக நல்லதாக உணர்ந்த ஒரு சந்தர்ப்பத்தையும் மிக மோசமாக உணர்ந்த ஒரு சந்தர்ப்பத்தையும் சொல்லக் கேட்டார்கள். 1959 இல் அது நூலாக வந்தது. வந்த பதில்கள் இரண்டு வேறு பட்டியல்களாகப் பிரிந்தன. கசப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவை சம்பளம், நிறுவனத்தின் விதிகள், மேற்பார்வை செய்பவரின் போக்கு, வேலைச் சூழல் போன்றவை. மகிழ்ச்சிக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவை ஒன்றைச் செய்து முடித்தது, அதற்குக் கிடைத்த பாராட்டு, பொறுப்பு, வேலையின் தன்மை, முன்னேற்றம். முதலாவது பட்டியலைச் சரிசெய்தால் மனிதர் முறைப்பாடு செய்வதை நிறுத்துவார், ஆனால் அதனால் மட்டும் உற்சாகமடைய மாட்டார். உற்சாகம் இரண்டாவது பட்டியலில் இருந்து வர வேண்டும். நல்லது நடந்தால் தன்னால் என்றும் கெட்டது நடந்தால் பிறரால் என்றும் சொல்வது மனித இயல்பு, எனவே இந்தப் பிரிப்பு அவ்வளவு சுத்தமானதல்ல என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு. அது நியாயமான ஆட்சேபம்தான். இருந்தாலும் எமது சூழலைப் பார்க்க இந்தப் பிரிப்பு நல்ல கண்ணாடி.

ஏனென்றால், எமது கடைகளில் பல முதலாவது பட்டியலிலேயே தோற்றுப் போகின்றன. கடை மற்றும் காரியாலய ஊழியர் சட்டம் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம். நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பது அதிலுள்ள சாதாரண வேலை நேரம். முதல் வருடம் கழிந்த பின் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கெஷுவல் லீவும் உண்டு. ஊழியர் சேமலாப நிதி, அதாவது எல்லோரும் சொல்லும் ஈ.பி.எப்., 1958 இல் இருந்து இருக்கிறது. ஊழியரிடமிருந்து நூற்றுக்கு 8, தொழில்தருநரிடமிருந்து நூற்றுக்கு 12. அதற்கு மேலாக ஈ.டி.எப். நிதிக்குத் தொழில்தருநர் நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும்.

இதைப் பற்றிப் பேசினால் எமது முதலாளிமார் சொல்லும் நியாயம் ஒன்று இருக்கிறது: "நாங்க கையில முழுச் சம்பளத்தையும் குடுக்கிறோம், நோன்புப் பெருநாளைக்கு உடுப்பும் குடுக்கிறோம், உம்மாக்குச் சுகமில்லன்னா அதுக்கும் குடுக்கிறோம்." அது பொய்யல்ல. பல ஹாஜிமார் கொடுக்கும் கை உள்ளவர்கள்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். மாதம் 40,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவருக்கு இரு பக்கமும் சேர்த்து ஈ.பி.எப். 8,000 ரூபா. பத்து வருடத்தில் வட்டியில்லாமலே 9,60,000 ரூபா. அதில் 5,76,000 தொழில்தருநருடைய பங்கு. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமாக இருந்தால், ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளமும் சேரும். பெருநாள் உடுப்பு எத்தனை வாங்கினாலும் இந்தத் தொகை வராது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றும் இருக்கிறது. உரிமையாகக் கிடைக்க வேண்டியது உபகாரமாகக் கிடைத்தால் வாங்குபவர் ஒவ்வொரு முறையும் தலை குனிய வேண்டியிருக்கிறது. தலை குனிந்தே பழகியவரிடம் பொறுப்பெடுத்து வேலை செய் என்று எப்படி எதிர்பார்ப்பது? இருபத்தைந்து வயதுப் பொடியன் கட்டாருக்குப் போகும்போது அங்கே வெயில் கடுமை என்பதை அறியாமல் போவதில்லை. அங்கே கையில் ஓர் ஒப்பந்தக் கடதாசி இருக்கிறது என்பதையும் அறிந்துதான் போகிறான். அந்தக் கடதாசி சிலவேளை அவனை ஏமாற்றுகிறது என்பது வேறு கவலை.

சம்பளத்தின் அளவைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம். அந்த அளவை மனிதர் எப்படி மதிப்பிடுகிறார் என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். 1960 களில் ஸ்டேசி அடம்ஸ் என்பவர் முன்வைத்த சமநியாயக் கோட்பாடு இதைப் பற்றியது. நான் போடும் உழைப்புக்கும் பெறுவதற்கும் உள்ள விகிதத்தை, எனக்குப் பக்கத்தில் இருப்பவரின் விகிதத்துடன் ஒப்பிடுகிறேன். பொருந்தவில்லை என்றால் ஏதாவது ஒன்றை மாற்றுவேன். சம்பளம் கூட்டிக் கேட்பேன், உழைப்பைக் குறைப்பேன், அல்லது போய்விடுவேன். குடும்ப வியாபாரங்களில் இது கூரிய கத்தி. பன்னிரண்டு வருடமாகக் கடையைத் திறந்து பூட்டும் ஒருவர் இருக்கிறார். போன மாதம் வந்த முதலாளியின் மருமகன் லாச்சிச் சாவியுடன் அவருக்கு உத்தரவு போடுகிறார். மருமகனுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குடும்பம்தான் எமது வியாபாரத்தின் பலம். ஆனால் மருமகனுக்கு என்ன பொறுப்பு, பழையவருக்கு என்ன பொறுப்பு, யார் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதை எல்லோர் முன்னிலையிலும் ஒரு தடவை சொல்லிவிட்டால் பாதிக் கசப்பு இல்லாமல் போகும். யாரும் சொல்வதில்லை. பழையவர் தானாகவே விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவரும் விளங்கிக்கொள்கிறார், வேறு விதமாக.

ஒரு தீர்மானத்தின் முடிவு மட்டுமல்ல, அது எடுக்கப்பட்ட முறையும் அறிவிக்கப்பட்ட முறையும் மனிதரைப் பாதிக்கிறது. இதற்கு நான் படித்தவற்றில் மிகத் தெளிவான சான்று ஜெரல்ட் கிரீன்பேர்க் 1990 இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரே கம்பனிக்குச் சொந்தமான தொழிற்சாலைகள். பெரிய ஓடர்கள் கைவிட்டுப் போனதால் அவற்றில் இரண்டில் பத்து வாரத்துக்குச் சம்பளம் நூற்றுக்கு 15 வெட்டப்பட்டது. ஒரு தொழிற்சாலையில் தலைவரே வந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கணக்குகளைக் காட்டினார், ஏன் ஆட்களை நிறுத்தாமல் எல்லோரது சம்பளத்தையும் வெட்டுகிறோம் என்று விளக்கினார், வருத்தம் தெரிவித்தார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மற்றையதில் கால் மணி நேரக் கூட்டம், சுருக்கமான அறிவித்தல். மூன்றாவது தொழிற்சாலையில் வெட்டே இல்லை. பின்னர் பொருட்கள் களவு போன அளவைப் பார்த்தபோது, சம்பளம் வெட்டப்பட்ட இரண்டு இடத்திலும் களவு கூடியிருந்தது. ஆனால் விளக்கம் கொடுத்த இடத்தில் கூடியது கொஞ்சம், கொடுக்காத இடத்தில் கூடியது மிக அதிகம். சம்பளம் பழைய நிலைக்கு வந்ததும் களவும் இறங்கியது. இரண்டு இடத்திலும் வெட்டு ஒரே அளவுதான் என்பதை மறக்கக் கூடாது.

2022 இல் இந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 13 மணித்தியால மின்வெட்டு, டீசல் வரிசை, இறக்குமதித் தடை. கடைகள் உண்மையாகவே நொடிந்தன, சம்பளத்தைக் குறைக்காமல் தாக்குப்பிடிக்க வழி இருக்கவில்லை. அதில் எவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எத்தனை பேர் தம் ஊழியர்களை இருத்தி, இதுதான் வரவு, இதுதான் கடன், இவ்வளவு மாதத்துக்கு இப்படி, நிலைமை சீரானால் இப்படி என்று சொன்னார்கள்? மாத முடிவில் கடித உறையைத் திறந்து எண்ணிப் பார்த்துத்தான் தமது சம்பளம் குறைந்ததைத் தெரிந்துகொண்டதாக என் பழைய மாணவர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். நிலைமை சீரான பின்னும் அந்த உறையை அவர்கள் மறக்கவில்லை.

கட்டளை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரான்சின் சுரங்கக் கம்பனி ஒன்றை நீண்ட காலம் நடத்திய ஹென்றி பேயோல் 1916 இல் வெளியிட்ட 14 முகாமைத்துவக் கோட்பாடுகளில் கட்டளை ஒருமை என்பது ஒன்று. ஓர் ஊழியர் ஒருவரிடமிருந்து மட்டும் கட்டளை பெற வேண்டும். நானாவும் தம்பிமார் மூவரும் சேர்ந்து நடத்தும் கடையில், பெரியவர் ஸ்டோருக்குப் போகச் சொல்வார், இரண்டாமவர் டெலிவரிக்குப் போகச் சொல்வார், மூன்றாமவர் "நீ ஏன் கவுண்டர்ல இல்ல" என்று ஏசுவார். ஏச்சு வாங்குபவர் மட்டும் எப்போதும் ஒரே ஆள்.

டக்ளஸ் மக்கிரெகர் 1960 இல் எழுதியது முதலாளியின் மனதுக்குள் இருக்கும் ஊகத்தைப் பற்றியது. மனிதன் இயல்பிலேயே வேலையைத் தவிர்ப்பவன், விரட்டினால்தான் செய்வான் என்று நம்புவது எக்ஸ் கோட்பாடு. சூழல் சரியாக இருந்தால் பொறுப்பெடுத்துச் செய்வான் என்று நம்புவது வை கோட்பாடு. எதை நம்புகிறோமோ அதற்கேற்ப நடக்கிறோம், அதற்கேற்பவே ஊழியரும் மாறிவிடுகிறார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உம்ராவுக்குப் போன இடத்திலிருந்தும் போனில் கடைக் கெமராவைப் பார்த்து, "ஏன் ரெண்டு பேர் கதைச்சிக்கிட்டு நிக்கிறீங்க" என்று கோல் எடுக்கும் முதலாளிமார் எமக்குள் இருக்கிறார்கள். கெமரா கள்வனுக்குத் தேவைதான். ஆனால் நாள் முழுதும் கண்காணிக்கப்படும் ஊழியர் கெமராவுக்கு முன் வேலை செய்யவும் கெமரா இல்லாத மூலையில் ஆறவும் பழகிக்கொள்கிறார். முதலாளி அதைப் பார்த்து, தான் நினைத்தது சரி என்கிறார்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் விடயத்துக்கு வருகிறேன். அது மௌனம். அல்பேர்ட் ஹேர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970 இல் எழுதிய நூலில், ஓர் இடம் சீர்கெடும்போது மனிதருக்கு இரண்டு வழி இருக்கிறது என்கிறார்: வெளியேறுவது, அல்லது குரல் கொடுப்பது. எதைத் தெரிவு செய்வார் என்பது அந்த இடத்தின் மீது அவருக்குள்ள பற்றைப் பொறுத்தது. நைஜீரியாவின் ரயில்வே ஏன் சீர்கெட்டும் திருந்தவில்லை என்று யோசித்ததில்தான் அவருக்கு இந்தச் சிந்தனை வந்தது. உரத்துக் குறை சொல்லக்கூடிய வாடிக்கையாளர்கள் லொறிகளுக்கு மாறிவிட்டார்கள். எனவே ரயில்வேக்கு எவரும் குறை சொல்லவில்லை, திருந்த வேண்டிய அழுத்தமும் வரவில்லை. முறைப்பாடே வராத இடம் நன்றாக நடக்கும் இடம் என்று எண்ணுவது எவ்வளவு ஆபத்தானது என்று பாருங்கள்.

ஹாவர்டின் ஏமி எட்மண்ட்சன் இதே விடயத்தை வைத்தியசாலைகளில் கண்டார். நன்றாக இயங்கும் தாதியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அவர் தேடினார். நல்ல குழுக்களில் பதிவான தவறுகள் கூடுதலாக இருந்தன. அவர்கள் அதிகம் தவறிழைத்ததால் அல்ல, இழைத்ததைச் சொல்லப் பயப்படாததால். 1999 இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் உளப் பாதுகாப்பு என்ற சொல் இத்துறையில் நிலைபெற்றது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், பிழையைச் சுட்டிக்காட்டலாம், அதற்காக எவரும் அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அது.

எமது பாடசாலைக் கூட்டங்களை இதற்கு உரைத்துப் பார்க்கலாம். கூட்டத்தின் கடைசியில் "யாருக்காவது ஏதும் சொல்ல இருக்கா?" என்று கேட்கப்படும். எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். பிறகு மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உண்மையான கூட்டம் நடக்கும். நான் முன்னர் கற்பித்த ஒரு பாடசாலையில் பௌதிகவியல் படிப்பித்த ஆசிரியை ஒருவர் இருந்தார். ஆய்வுகூடத்தை வாரத்தில் எந்த நாள் எந்த வகுப்பு பயன்படுத்துவது என்று ஒரு நேரசூசியைத் தாமாகவே தயாரித்துக் கூட்டத்தில் வைத்தார். "நேரசூசி போட இங்கே ஆள் இருக்கு டீச்சர்" என்று எல்லோர் முன்னிலையிலும் பதில் வந்தது. சிலர் சிரித்தார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருடம் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துப் போய்விட்டார். காரணம் என்று படிவத்தில் தூரம் என எழுதினார். அதற்குப் பின் நீண்ட காலம் அப்பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் வரவில்லை. வசதியுள்ள பிள்ளைகள் நகரத்து டியூஷனுக்குப் போனார்கள். மற்றவர்களில் சிலர், நல்ல மூளை உள்ள பெண் பிள்ளைகள், கலைப் பிரிவுக்கு மாறினார்கள். வலயக் கல்வி அலுவலகத்தின் கோவையில் அது ஓர் ஆசிரியை தூரம் காரணமாகப் பெற்ற இடமாற்றம் மட்டுமே.

திறமையானவரை உயர்த்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கனடாவில் ஆசிரியராகத் தொழிலை ஆரம்பித்த லோரன்ஸ் பீட்டர் 1969 இல் அரை நகைச்சுவையாக ஒன்றைச் சொன்னார்: ஒவ்வொருவரும் தன்னால் செய்ய முடியாத பதவி வரை உயர்த்தப்படுகிறார், பிறகு அங்கேயே இருந்துவிடுகிறார். நன்றாக விற்கும் விற்பனையாளரைக் கிளை மனேஜர் ஆக்கினால் ஒரு நல்ல விற்பனையாளரை இழந்து ஒரு தடுமாறும் மனேஜரைப் பெறலாம். ஆட்களை நடத்துவது தனித் திறமை, அதற்குத் தனியாகப் பழக்க வேண்டும். எமது கடைகளில் சம்பளம் கூட வேண்டுமானால் மேற்பார்வையாளர் ஆவதைத் தவிர வேறு பாதை இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு "அப்ப நான் என்ன செய்ய சேர்?" என்று கேட்பவர்களுக்கு நான் பெரிய திட்டம் எதுவும் சொல்வதில்லை. வேலைக்குச் சேரும் நாளில் சம்பளம், நேரம், லீவு, பொறுப்பு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அது தயவல்ல, சட்டமும் அதைத்தான் கேட்கிறது. ஒருவருக்கு ஒரு மேலாளர் என்று வையுங்கள். சம்பளத்தில் மாற்றம் என்றால் உறைக்குள் வைக்காமல் வாயால் சொல்லுங்கள். போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று கேளுங்கள், ஆனால் போகும் நாளில் கேட்காதீர்கள். அன்று நற்சான்றிதழும் பாக்கிச் சம்பளமும் உங்கள் கையில் இருக்கும், அதனால் உண்மை வராது. மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள்.

இதைச் செய்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். என்னிடம் படித்தவர், இப்போது வாப்பாவின் பலசரக்கு மொத்த வியாபாரத்தைப் பார்க்கிறார். விலகிப் போன நான்கு பேருக்கு கோல் எடுத்தார். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் சம்பளம் போதாது என்றார், அது அவர் எதிர்பார்த்த பதில். மூன்றாமவர், மூட்டை இறக்கும் நாட்களில் பகல் சாப்பாடு நான்கு மணிக்குப் போவதைச் சொன்னார். நான்காமவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, இரண்டு வருடத்தில் வாப்பா ஒரு நாளும் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, "டேய்" என்றுதான் கூப்பிட்டார் என்றார். சாப்பாட்டு நேரத்தை அந்த வாரமே இரண்டு பிரிவாக்கிவிட்டார். சம்பளத்தை அடுத்த ஜனவரியில் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். வாப்பாவிடம் நான்காவது விடயத்தை எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டார். வாப்பாவுடன் பள்ளியில் ஒன்றாகத் தொழும் அவரது வயதுக் கூட்டாளி ஒருவர் மூலம் சொல்லுமாறு கூறினேன். இந்த வியாழக்கிழமை இஷாவுக்குப் பின் பேசுவதாக இருக்கிறார்கள்.